அச்சமும் ஆதாயமும் அறிவியலை ஆளலாகாது

2024 ஆகஸ்ட் 9 அன்று அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் ஒரு விண்ணப்பத்தை ஏற்க மறுத்தது. எம்.டி.எம்.ஏ. என்னும் வேதிப்பொருளை உளவியல் சிகிச்சையோடு இணைத்து, பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய்க்கு மருந்தாக வழங்க அனுமதிக்க வேண்டும் என்று லைகோஸ் தெரப்யூட்டிக்ஸ் என்ற நிறுவனம் அளித்த விண்ணப்பம் அது. முன்வைக்கப்பட்ட சான்றுகள் போதா என்றும், மூன்றாம் கட்டச் சோதனை ஒன்றை மீண்டும் நடத்த வேண்டும் என்றும் நிர்வாகம் தெரிவித்துவிட்டது. அதே நாட்களில் சைக்கோஃபார்மகாலஜி என்ற ஆய்விதழ், இப்பொருளைக் குறித்துத் தான் முன்பு வெளியிட்டிருந்த மூன்று கட்டுரைகளை, ஆய்வில் நேர்ந்த நெறிபிறழ்வைக் காரணம் காட்டி விலக்கிக்கொண்டது.

இந்திய நாளேடுகளில் எம்.டி.எம்.ஏ. என்ற பெயர் பெரும்பாலும் காவல்துறைச் செய்திகளிலேயே இடம்பெறுகிறது. ‘எக்ஸ்டஸி’, ‘மோலி’ என்றெல்லாம் கேளிக்கை விடுதிகளில் வழங்கப்படும் பொருள் இதுவே. இத்தனை கிராம் பறிமுதல், இத்தனை இளைஞர்கள் கைது என்பதோடு செய்தி முடிந்துவிடும். தடை செய்யப்பட்ட போதைப்பொருள் ஒன்று மருந்துக் கடையின் வாயில் வரை சென்று திரும்பியது எப்படி? அது மனித உடலுக்கு நன்மை செய்கிறதா, தீங்கு செய்கிறதா? நூறாண்டுகளுக்கு முன்பே உருவாக்கப்பட்ட ஒரு பொருளைப் பற்றிய இந்த எளிய வினாவுக்கு இன்றளவும் முழுமையான விடை இல்லை. அறிவியலின் இயலாமை இதற்குக் காரணமன்று. முதலில் அரசதிகாரம் தனக்குத் தேவையான அச்சத்தை அறிவியலிடம் கேட்டது. பின்னர் மூலதனம் தனக்குத் தேவையான நம்பிக்கையை அதனிடம் கேட்டது. நோயாளிக்குத் தேவையான உண்மையைக் கேட்பதற்கு வலுவான குரல் இல்லாமற் போயிற்று.

ஆய்வகத்திலிருந்து தடைப்பட்டியலுக்கு

1912-இல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில், மெர்க் நிறுவனத்தின் வேதியியலாளர் அன்டன் கோலிஷ் இப்பொருளை முதன்முதலில் உருவாக்கினார். இரத்தப்போக்கை நிறுத்தும் மருந்து ஒன்றைத் தேடிய முயற்சியில் பிறந்த இடைநிலைப் பொருள் அது. பசியைக் குறைக்கும் மருந்தாகப் படைக்கப்பட்டது என்று பரவலாகச் சொல்லப்படுவது பிற்காலத்துக் கட்டுக்கதை. காப்புரிமை பெறப்பட்டதே தவிர, மனிதரிடம் அது சோதிக்கப்படவில்லை.

அடுத்து அதைத் தேடி வந்தது அமெரிக்க இராணுவம். பனிப்போர்க் காலத்தில், மனித மனத்தைக் கலைக்கவல்ல வேதிப்பொருட்களை அது திரட்டிக்கொண்டிருந்தது. 1953–54-இல் இராணுவத்தின் நிதியில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் விலங்குகளுக்கு எம்.டி.எம்.ஏ. செலுத்தி அதன் நச்சுத்தன்மை அளக்கப்பட்டது. விலங்குகளோடு இராணுவம் நின்றுவிடவில்லை. 1953 ஜனவரியில், நியூயார்க் மாநில மனநல நிறுவனத்தில் மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெற வந்திருந்த ஒருவருக்கு, இராணுவ ஒப்பந்தத்தின்படி, எம்.டி.எம்.ஏ.வின் நெருங்கிய உறவுப்பொருளான எம்.டி.ஏ. ஊசிவழிச் செலுத்தப்பட்டது. அவர் உயிரிழந்தார். என்ன செலுத்துகிறார்கள், யாருக்காகச் செலுத்துகிறார்கள் என்பது அவருக்குச் சொல்லப்படவே இல்லை. அவருடைய குடும்பத்தாருக்கு உண்மை தெரிய வந்தது இருபதாண்டுகளுக்குப் பின்னர்தான். மனித உடலில் இவ்வகைப் பொருட்களின் விளைவை அறியும் முயற்சியின் தொடக்கப் பக்கங்களில் ஒன்று, சம்மதம் கேட்கப்படாத ஒரு நோயாளியின் சாவோடு எழுதப்பட்டிருக்கிறது.

1976-இல் வேதியியலாளர் அலெக்சாண்டர் ஷுல்கின் இப்பொருளை மீண்டும் தயாரித்து ஆராய்ந்தார். 1978-இல் அவரும் டேவிட் நிக்கோல்ஸும் மனிதரிடம் அதன் விளைவுகளைக் குறித்து வெளியிட்டனர். அச்சமின்றிக் கடந்தகால வேதனையைப் பேச நோயாளிக்கு இது துணைசெய்வதாகக் கருதிய உளவியல் மருத்துவர் சிலர், 1980-களின் தொடக்கம் வரை இதைச் சிகிச்சையில் பயன்படுத்தினர். அதே காலத்தில் அது கேளிக்கை விடுதிகளையும் சென்றடைந்தது. 1985 ஜூலை 1 முதல் அமெரிக்க அரசு அதை மருத்துவப் பயன் ஏதுமற்றவை எனப்படும் முதல் பட்டியலில் அவசர ஆணையால் சேர்த்தது. விசாரணை நடத்திய நிர்வாக நீதிபதி பிரான்சிஸ் யங், மருத்துவரின் பயன்பாட்டுக்கு இடமளிக்கும் மூன்றாம் பட்டியலே பொருத்தம் என்று 1986-இல் பரிந்துரைத்தார். போதைப்பொருள் அமலாக்க முகமை அப்பரிந்துரையைப் புறந்தள்ளியது. 1988-இல் முதல் பட்டியல் நிலைபெற்றது.

தடையின் விளைவாக விற்பனை நிற்கவில்லை, ஆராய்ச்சிதான் நின்றது. ஸ்பெயினில், பாலியல் வன்முறைக்கு ஆளாகி மனம் சிதைந்த பெண்களிடையே மாட்ரிட் நகரில் தொடங்கப்பட்ட சிறு ஆய்வு ஒன்று, அரசியல் நெருக்குதலால் 2002-இல் இடைநிறுத்தப்பட்டது. உலகெங்கும் இளைஞர்கள் விடுதியில் உட்கொண்ட ஒரு பொருளை, மருத்துவர் மேற்பார்வையில் ஆராய்வதற்கு மட்டும் பல்லாண்டுக் காத்திருப்பு தேவைப்பட்டது.

குப்பி மாறிய ஆய்வு

அறிவியலிடம் அச்சத்தைக் கேட்டால் என்ன நேரும் என்பதற்கு 2002-ஆம் ஆண்டு ஒரு பாடம் தந்தது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கேளிக்கையில் ஈடுபடுவோர் ஓரிரவில் உட்கொள்ளும் அளவே குரங்குகளின் மூளையில் டோபமைன் நரம்புகளைக் கடுமையாகச் சிதைத்துவிடுவதாக சயின்ஸ் இதழில் எழுதினர். ஒரே இரவில் பார்க்கின்சன் நோய்க்கு வித்திடப்படலாம் என்ற எச்சரிக்கை உலகமெங்கும் பரவியது. இதழை வெளியிடும் அமைப்பின் தலைமையில் இருந்தவர், அதற்குச் சற்று முன்புவரை அரசின் போதைப்பொருள் ஆய்வு நிறுவனத்துக்குத் தலைமை வகித்தவர். அவரும் அந்த எச்சரிக்கையை வழிமொழிந்தார்.

ஓராண்டுக்குப் பின், 2003 செப்டம்பரில் அந்த ஆய்வு திரும்பப் பெறப்பட்டது. குப்பிகளின் ஒட்டுச்சீட்டு மாறியிருந்தது. குரங்குகளுக்குச் செலுத்தப்பட்டது எம்.டி.எம்.ஏ. அன்று, அதனினும் கொடிய மெத்தாம்ஃபெட்டமின். தவறு எவருக்கும் நேரலாம். ஆனால், அந்த முடிவு வேறு எந்த ஆய்வோடும் பொருந்தவில்லை என்று அப்போதே எழுந்த ஐயங்கள் ஏன் செவிமடுக்கப்படவில்லை? அதிகாரம் கேட்க விரும்பிய விடையை அது தந்தது என்பதே காரணம். இதற்கிடையில், கேளிக்கை நிகழ்ச்சி நடத்துவோரைத் தண்டிக்கும் சட்டம் ஒன்றை அமெரிக்க நாடாளுமன்றம் 2003-இல் நிறைவேற்றியும் விட்டது.

பிரிட்டனின் கதை வேறு வகையானது. அங்கே அரசே அமைத்த ஆலோசனைக் குழு, 2009-இல் சான்றுகளைப் பரிசீலித்து, எக்ஸ்டஸியை ‘ஏ’ வகுப்பிலிருந்து ‘பி’ வகுப்புக்கு மாற்றலாம் என்றது. அரசு மறுத்தது. அவ்வாண்டு அக்டோபரில் குழுவின் தலைவர் பேராசிரியர் டேவிட் நட், அரசின் கொள்கை சான்றுகளோடு பொருந்தவில்லை என்று வெளிப்படையாகப் பேசியதற்காகப் பதவி நீக்கம் செய்யப்பட்டார். அவரை நீக்கியது தொழிற்கட்சி அரசு என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது.

உடலில் நிகழ்வது என்ன?

அச்சுறுத்தலை மறுப்பதால் ஆபத்து இல்லை என்று ஆகிவிடாது. சுவிட்சர்லாந்திலும் அமெரிக்காவிலும் 1990-கள் முதல் நலமான தன்னார்வலரிடம் நடத்தப்பட்ட கட்டுப்பாடான ஆய்வுகள் பலவற்றை உறுதிசெய்திருக்கின்றன. எம்.டி.எம்.ஏ. மூளை நரம்புகளில் சேமிப்பில் உள்ள செரடோனினைப் பெருமளவில் வெளியேற்றுகிறது. நார்அட்ரினலின், டோபமைன் ஆகியவற்றையும் வெளியேற்றுகிறது. ஆக்ஸிடோசின் அளவும் உயர்கிறது. பிறரிடம் நெருக்கமும் நம்பிக்கையும் கூடுவதும், அச்சம் தணிவதும் இவற்றோடு தொடர்புடையவை. உடனடியாக நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் உடல் வெப்பமும் ஏறுகின்றன. தாடை இறுகுகிறது, பசி மறைகிறது, உறக்கம் கெடுகிறது. ஓரிரு நாட்களுக்குப் பின் சோர்வு கவிகிறது.

கல்லீரலில் இப்பொருளைச் சிதைக்கும் நொதியை இப்பொருளே முடக்கிவிடுகிறது. ஆகவே இருமடங்கு உட்கொண்டால் இரத்தத்தில் இருமடங்குக்கும் மேலாக ஏறுகிறது. முதல் மாத்திரை வேலை செய்யவில்லை என்று எண்ணி இரண்டாவதை விழுங்குபவருக்கு நேரும் ஆபத்து இதுதான். மனச்சோர்வுக்கான சில பழைய மருந்துகளோடு சேர்ந்தால் உயிருக்கே உலை வைக்கும். இதய நோய் உள்ளவர்களுக்கு முதல் முறையே ஆபத்தாகலாம்.

காற்றோட்டமற்ற நெரிசலில் இடைவிடாது ஆடும்போது உடல் வெப்பம் கட்டுமீறி, தசைகள் சிதைந்து, உறுப்புகள் செயலிழந்து மரணம் நேர்ந்திருக்கிறது. இதற்கு எதிர்முனையிலும் ஓர் ஆபத்து காத்திருக்கிறது. சிறுநீரைத் தேக்கும் சுரப்பை இப்பொருள் தூண்டுவதால், அளவுமீறித் தண்ணீர் குடிப்பவரின் இரத்தத்தில் உப்பு தாழ்ந்து மூளை வீங்குகிறது. பெண்களுக்கு இந்த ஆபத்து கூடுதல். 1995-இல் இங்கிலாந்தில் 18 வயதுப் பெண் ஒருவர் இறந்தபோது, அந்த மரணம் எச்சரிக்கைச் சுவரொட்டிகளில் நாடு முழுவதும் ஒட்டப்பட்டது. குறுகிய நேரத்தில் பல லிட்டர் தண்ணீரை அவர் குடித்திருந்தார். அதை வெளியேற்ற அவரது உடலால் இயலவில்லை. ‘இது கொல்லும்’ என்று சுவரொட்டி சொன்னது. ‘எவ்வாறு கொல்லும்’ என்று சொல்லியிருந்தால் அடுத்தவர் பிழைத்திருக்க வழியுண்டு. பொய் மட்டுமன்று, பாதி உண்மையும் உயிர் குடிக்கும்.

நெடுங்காலப் பயன்பாடு நினைவாற்றலைக் குறைக்கிறதா என்பதில் கருத்து வேறுபாடு நீடிக்கிறது. இதைத் தொடர்ந்து உட்கொள்வோர் பெரும்பாலும் மதுவையும் கஞ்சாவையும் பிற பொருட்களையும் சேர்த்தே உட்கொள்கின்றனர், உறக்கமும் கெடுகின்றனர். எந்தக் கேடு எதனால் வந்தது என்று பிரித்தறிவது கடினம். அத்துடன், தெருவில் விற்கப்படும் மாத்திரையில் எம்.டி.எம்.ஏ. எவ்வளவு, அதைவிடக் கொடிய பி.எம்.ஏ. போன்ற கலப்படம் எவ்வளவு என்பதை விற்பவரும் அறியார். மருத்துவமனையில் அளந்து கொடுக்கப்படும் தூய பொருளும் இருட்டில் கைமாறும் மாத்திரையும் ஒன்றல்ல. ஒன்றின் முடிவை மற்றதன் மீது ஏற்றிச் சொல்வது, எந்தத் திசையில் சொன்னாலும், அறிவியலன்று.

மூலதனம் நுழைந்தபோது

காப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துபோன பொருள் என்பதால் பெரும் மருந்து நிறுவனங்கள் இதைத் திரும்பிப் பார்க்கவில்லை. பல்லாண்டு ஏகபோக விலை கிடைக்காத மருந்தை ஆராய்வது அவற்றுக்கு வீண் செலவு. அரசுகளோ ஆபத்தை நிரூபிக்கும் ஆய்வுக்கு நிதி தந்தன. பயனைச் சோதிக்கும் ஆய்வுக்குப் பெரும்பாலும் தரவில்லை. இவ்விரண்டுக்கும் நடுவிலிருந்த வெற்றிடத்தில், 1986-இல் ரிக் டாப்ளின் தொடங்கிய மாப்ஸ் என்ற அமைப்பு நன்கொடையால் சோதனைகளை நடத்தியது. நன்கொடையாளரில் வலதுசாரி அரசியலுக்குப் பெருநிதி வழங்கிவரும் மெர்சர் குடும்பத்து அறக்கட்டளையும் உண்டு. போர்வீரர்களுக்கான சிகிச்சை ஆய்வுக்கென அது 10 லட்சம் டாலர் அளித்தது. மாப்ஸ் தோற்றுவித்த வணிக நிறுவனமே 2024 ஜனவரியில் லைகோஸ் என்று பெயர் மாறி, முதலீட்டாளரிடமிருந்து 10 கோடி டாலருக்கு மேல் திரட்டியது. அறப்பணியாகத் தொடங்கியது, ஈவுத்தொகையை எதிர்நோக்கும் முதலீடாக முடிந்தது.

சோதனைகளின் முடிவுகள் எளிதில் ஒதுக்கத்தக்கவை அல்ல. 2021-இல் வெளியான மூன்றாம் கட்டத்தின் முதல் சோதனையில் 90 பேர் பங்கேற்றனர். எம்.டி.எம்.ஏ.வுடன் சிகிச்சை பெற்றோரில் 67 விழுக்காட்டினர் நோயின் வரையறையிலிருந்து மீண்டனர். வெற்று மாத்திரையுடன் அதே சிகிச்சை பெற்றோரில் 32 விழுக்காட்டினர் மீண்டனர். 104 பேர் பங்கேற்று 2023-இல் வெளியான இரண்டாம் சோதனையில் இது முறையே 71, 48 விழுக்காடு. ஏற்கெனவே உள்ள மருந்துகளால் பலன் காணாத எத்தனையோ பேருக்கு இந்த எண்கள் நம்பிக்கையூட்டின. அவர்களின் நம்பிக்கையை ஏளனம் செய்ய எவருக்கும் உரிமையில்லை.

ஆயினும் 2024 ஜூன் 4 அன்று கூடிய வல்லுநர் குழு, பயன் நிறுவப்பட்டதா என்ற வினாவுக்கு 9–2 என்றும், நன்மை ஆபத்தை விஞ்சுகிறதா என்ற வினாவுக்கு 10–1 என்றும் எதிராகவே வாக்களித்தது. மருந்துச் சோதனையில் எவர் பெற்றது மருந்து, எவர் பெற்றது வெற்று மாத்திரை என்பது பங்கேற்பவருக்கும் மருத்துவருக்கும் தெரியாதிருக்க வேண்டும் என்பது அடிப்படை விதி. இங்கே மாத்திரையை விழுங்கிச் சிறிது நேரத்தில் உடலே அதைச் சொல்லிவிடுகிறது. பெரும்பாலோர் சரியாகவே ஊகித்தனர். பங்கேற்றோரில் ஏறக்குறைய 40 விழுக்காட்டினர் முன்பே இப்பொருளை உட்கொண்டவர்கள். ஆகவே எவ்வளவு பலன் மருந்தால், எவ்வளவு எதிர்பார்ப்பால் என்று பிரிக்க முடியவில்லை. மேலும், போதை மயக்கம் போன்ற ‘இனிய’ விளைவுகளை நிறுவனம் பக்கவிளைவாகப் பதிவு செய்யவே இல்லை. பழக்கத்துக்கு அடிமையாக்கும் ஆற்றலை மதிப்பிட வேண்டிய தரவு அதனால் கிடைக்காமற் போயிற்று.

எல்லாவற்றினும் கொடியது வேறொன்று. இரண்டாம் கட்டச் சோதனையின்போது கனடாவில், மருந்தின் மயக்கத்தில் இருந்த ஒரு பெண்ணிடம் சிகிச்சையாளர்கள் தகாத முறையில் நடந்துகொண்டனர். அவர் மனம் திறந்து நம்ப வேண்டும் என்பதற்காகவே அந்தப் பொருள் கொடுக்கப்பட்டிருந்தது. ஆய்விதழ் மூன்று கட்டுரைகளை விலக்கியதற்கு இதுவே காரணம். நெறிபிறழ்வை அறிந்திருந்தும் ஆசிரியர்கள் இதழுக்குத் தெரிவிக்கவில்லை. நோயாளியின் காப்பரணைத் தளர்த்தும் ஒரு பொருளை ஆராயும்போது நோயாளியின் பாதுகாப்பே முதற்கடமை. முதலீட்டாளரின் காலக்கெடு முந்திக்கொண்டு நிற்கும் இடத்தில், காயம்பட்டவரின் முறையீடு பின்வரிசைக்குத் தள்ளப்படுகிறது.

யாருடைய காயம், யாருக்கு மருந்து?

இச்சோதனைகளின் இன்னொரு செய்தி பெரிதும் கவனிக்கப்படவில்லை. பங்கேற்ற ஒவ்வொருவருக்கும், மருந்து பெற்றாலும் வெற்று மாத்திரை பெற்றாலும், இரு சிகிச்சையாளர்கள் ஏறத்தாழ 42 மணி நேரத்தை ஒதுக்கினர். வெற்று மாத்திரை பெற்றோரில் மூன்றில் ஒரு பங்கு முதல் ஏறத்தாழப் பாதிப் பேர் வரை மீண்டதைப் பார்க்கும்போது, ஒரு மனிதரின் துயரத்துக்கு இன்னொரு மனிதர் பொறுமையோடு செவிசாய்ப்பதற்கும் அதில் பங்கிருக்கக்கூடும் என்று கருத இடமுண்டு. அந்தச் செவி விலையுயர்ந்தது. ஆஸ்திரேலியா 2023 ஜூலை 1 முதல், அனுமதி பெற்ற மனநல மருத்துவர்கள் இதை வழங்கலாம் என்றது. ஒருவருக்கான முழுச் சிகிச்சைக்கு 20,000 ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் ஆகிறது. உழைக்கும் மக்களுக்கு எட்டாத மருந்து, மருந்து இல்லாமைக்கு ஒப்பானதே.

அமெரிக்காவில் இந்த ஆய்வுக்கு இரு கட்சிகளிலும் ஆதரவு திரண்டது போர்வீரர்களின் பெயரால். 2024 டிசம்பரில் அந்நாட்டு முன்னாள் படைவீரர் நலத்துறையும் ஓர் ஆய்வுக்கு நிதி அறிவித்தது. ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் ஏவப்பட்டு மனம் உடைந்து திரும்பிய அந்த வீரர்களும் பெரும்பாலும் உழைக்கும் வர்க்கத்துப் பிள்ளைகளே. அவர்களுக்கு நல்ல சிகிச்சை கிடைக்கத்தான் வேண்டும். ஆனால் குண்டுவீச்சில் பிள்ளைகளை இழந்த பாக்தாத் தாயின் பெயரும் காபூல் தந்தையின் பெயரும் எந்தச் சோதனைப் பட்டியலிலும் இல்லை. பேரதிர்ச்சியை உலகெங்கும் விளைவிக்கும் ஏகாதிபத்தியம், அதன் மருந்துக்கும் சந்தை தேடுகிறது. போரைத் தடுப்பதை விடச் சிறந்த தடுப்பு மருந்து இந்நோய்க்கு இல்லை.

மாற்று வழி இல்லாமல் இல்லை. நெதர்லாந்தில் 1992 முதல், பயன்படுத்துவோர் கொண்டுவரும் மாத்திரைகளைத் தண்டனை அச்சமின்றிச் சோதித்துக் கலப்படத்தை எச்சரிக்கும் ஏற்பாடு செயல்படுகிறது. அந்நாட்டு அரசு அமைத்த ஆணையம் 2024 மே மாதம், கேளிக்கைப் பயன்பாட்டின் மீதான கட்டுப்பாடு தொடரட்டும் என்றும், சிகிச்சைப் பயனை அறியப் பெரிய அளவில் ஆய்வு நடக்கட்டும் என்றும் பரிந்துரைத்தது. கடுமையும் அறிவும் ஒன்றையொன்று விலக்க வேண்டியதில்லை என்பதற்கு அது ஒரு சான்று.

இந்தியாவின் நிலை

இந்தியாவில் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் மற்றும் உளமருட்சிப் பொருட்கள் சட்டம் எம்.டி.எம்.ஏ.வுக்குச் சிறு அளவு அரை கிராம், வணிக அளவு 10 கிராம் என்று வகுத்துள்ளது. வணிக அளவுக்கு 10 முதல் 20 ஆண்டு சிறை. பிணையும் எளிதில் கிடையாது. கலவையின் மொத்த எடையையே கணக்கிட வேண்டும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு மாத்திரையின் எடை 300 மில்லிகிராம் என்று கொண்டால், அதில் பெரும்பகுதி வெறும் மாவாக இருந்தாலும், இரண்டு மாத்திரைகளே சிறு அளவைத் தாண்டிவிடும். 34 மாத்திரைகள் வணிக அளவாகிவிடும். 2021-இல் முந்த்ரா துறைமுகத்தில் ஏறக்குறைய 3,000 கிலோ ஹெராயின் பிடிபட்டதை நாடறியும். கப்பல் கப்பலாக வரும் சரக்கின் உரிமையாளர்களை எட்டாத சட்டத்தின் கை, சட்டைப்பையில் இரு மாத்திரை வைத்திருக்கும் கல்லூரி மாணவரையும், கூலிக்குப் பொட்டலம் சுமக்கும் ஏழை இளைஞரையும் விரைந்து பற்றுகிறது.

இதே சட்டம் மருத்துவ, அறிவியல் நோக்கங்களுக்கு விதிவிலக்கு அளிக்கிறது. ஆயின் அக்கதவைத் தட்டவும் பொது நிறுவனங்களுக்கு நிதியும் துணிவும் வேண்டும். பெங்களூரு நிம்ஹான்ஸ் நடத்திய 2015–16 தேசிய மனநல ஆய்வின்படி, வயது வந்தோரில் 10.6 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு மனநலச் சிக்கலோடு வாழ்கின்றனர்; நோய்க்கேற்ப 70 முதல் 92 விழுக்காட்டினருக்குச் சிகிச்சையே கிட்டவில்லை. கலவரத்தில் வீடிழந்தவர், சாதி வெறியின் வன்முறைக்கு ஆளானவர், பாலியல் கொடுமையிலிருந்து மீண்டவர், கடனில் மூழ்கிக் கணவரைத் தற்கொலைக்குப் பறிகொடுத்த உழவர் குடும்பத்துப் பெண் ஆகியோரின் பேரதிர்ச்சிக்கு 42 மணி நேரம் வேண்டாம், நான்கு மணி நேரம் செவிசாய்க்கவும் பெரும்பாலான மாவட்ட மருத்துவமனைகளில் ஆளில்லை.

இந்த வெற்றிடத்தில் தனியார் மூலதனம் நாளை புதிய மருந்தோடும் சோதனையோடும் நுழையக்கூடும். சோதனைக்கு உட்படுத்தப்படப் போவது யார் என்பதற்கு முன்னுதாரணம் உண்டு. 2009-இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதராவிலும், ஆயிரக்கணக்கான சிறுமியருக்கு கருப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி சோதனைத் திட்டமாகச் செலுத்தப்பட்டது. அவர்களில் பலர் பழங்குடியினர். பெற்றோரின் சம்மதத்துக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்திட்டனர். ஏழு சிறுமியர் இறந்தனர். அம்மரணங்களுக்குத் தடுப்பூசி காரணம் என்று நிறுவப்படவில்லை. ஆனால் சம்மத விதிகள் மீறப்பட்டன, கண்காணிப்பு இல்லை என்று நாடாளுமன்ற நிலைக்குழு 2013-இல் கடுமையாகக் கண்டித்தது. மாதர் இயக்கங்களும் மக்கள் நல அமைப்புகளும் போராடியிராவிட்டால் அதுவும் வெளிவந்திராது.

செய்ய வேண்டுவது என்ன?

ஒன்றிய அரசு மனநலத்துக்கு ஒதுக்கும் நிதி, அதன் சுகாதார நிதியில் ஏறக்குறைய ஒரு விழுக்காடே. அதைப் பன்மடங்கு உயர்த்தி, மாவட்ட மனநலத் திட்டத்தை ஒன்றியங்கள் வரை கொண்டுசெல்ல வேண்டும். இத்தகைய பொருட்களின் பயனையும் தீங்கையும் ஆராயும் பணியைப் பொது நிதியில், பொது நிறுவனங்களிடம், முடிவுகள் அனைத்தும் வெளியிடப்படும் நிபந்தனையோடு ஒப்படைக்க வேண்டும். சோதனையில் பங்கேற்பவரின் சம்மதமும் பாதுகாப்பும் இழப்பீடும் சுதந்திரமான அமைப்பால் கண்காணிக்கப்பட வேண்டும். பயன்படுத்துபவரைச் சிறைக்கு அனுப்புவதற்கு மாறாகச் சிகிச்சைக்கு அனுப்பும் வகையில் சட்டம் திருத்தப்பட வேண்டும். கடத்தும் கும்பல்களின் நிதி வேர்கள் அறுக்கப்பட வேண்டும். கேரளத்தில் இடது ஜனநாயக முன்னணி அரசு 2016-இல் தொடங்கிய விமுக்தி இயக்கம், விழிப்புணர்வையும் மறுவாழ்வையும் அமலாக்கத்தோடு இணைத்தது. அந்த அணுகுமுறை நாடு முழுவதும் விரிவாக்கத் தகுந்தது.

போதைக்கு எதிரான பரப்புரையில் இளைஞர், மாணவர், மாதர் அமைப்புகளின் தோழர்கள் முன்னணியில் நிற்கின்றனர். அவர்கள் கையில் இருக்க வேண்டிய கருவி உண்மை. ஒரே மாத்திரையில் மூளை உருகிவிடும் என்று மேடையில் சொன்னால், அதை விழுங்கிவிட்டு மறுநாள் வகுப்புக்கு வந்த மாணவர் சிரிப்பார். அதன்பின், உடல் வெப்பம் ஏறினால் என்ன நேரும், இரண்டாவது மாத்திரை ஏன் ஆபத்து, மயங்கி விழுந்தவரைக் காவல்துறைக்கு அஞ்சி ஒளித்துவைக்காமல் மருத்துவமனைக்கு ஏன் உடனே தூக்கிச் செல்ல வேண்டும் என்று சொல்லப்படும் மெய்யான எச்சரிக்கையையும் அவர் நம்பமாட்டார். ஒரு பொய் நூறு உண்மைகளின் நம்பகத்தன்மையைப் பறித்துவிடும்.

வேலையின்மையும் தனிமையும் எதிர்காலம் குறித்த இருளும் இளைஞர்களைச் சூழ்ந்திருக்கும் வரை, செயற்கை நெருக்கத்தை விற்கும் சந்தை ஓயாது. அந்தச் சந்தையை ஒழிக்கும் போராட்டமும், காயம்பட்ட மனங்களுக்கு நேர்மையான மருத்துவத்தைப் பெற்றுத் தரும் போராட்டமும் ஒன்றோடொன்று பிணைந்தவை. உண்மையை அச்சத்திடமிருந்தும் ஆதாயத்திடமிருந்தும் மீட்டு மக்களிடம் ஒப்படைப்பது இவ்விரண்டுக்கும் பொதுவான முதற்பணி. அப்பணியை இடதுசாரி இயக்கமே முன்னின்று ஆற்ற வேண்டும்.